தரகருக்கும் ஓர் எண் உண்டு!

விற்கும் நிலத்துக்குப் பட்டா எண் இருக்கிறது. எழுதும் பத்திரத்துக்கு ஆவண எண் இருக்கிறது. விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைப்பவருக்கும் ஓர் எண் வேண்டும் என்று 2016-லேயே சட்டம் சொல்லிவிட்டது. அதைக் கேட்டு வாங்கும் பழக்கம்தான் நம்மிடம் இன்னும் வேரூன்றவில்லை.

பெருந்துறையில் ஒரு சென்ட் பூமிக்கு விலை பேசினாலும் பேச்சில் மூன்று பேர் இருப்பார்கள். விற்கிறவர், வாங்குகிறவர், நடுவில் ஒருவர். அந்த மூன்றாமவரை ஊர் பல பெயர்களில் அழைக்கும்: தரகர், புரோக்கர், ஏஜென்ட், 'எடம் பாத்துக் குடுக்கறவரு'. கிரயம் முடியும்போது முதல் இருவரின் பெயர், படம், கைரேகை எல்லாம் பதிவாகும். சாட்சிகள் கையெழுத்துப் போடுவார்கள். பத்திரம் எழுதியவரின் பெயர்கூடக் கடைசியில் இருக்கும். பேச்சைத் தொடங்கி, விலையைக் கூட்டிக் குறைத்து, அட்வான்ஸ் கைமாற வைத்தவரின் பெயர் மட்டும் எங்கும் இருக்காது. நாளைக்கு வில்லங்கம் முளைத்தால் அவரைத் தேடிப் பிடிக்க ஒரு துண்டுச் சீட்டுகூட மிஞ்சாது.

நிலத்துக்கு இங்கே ஏன் இத்தனை கிராக்கி என்பதை ஊரைச் சுற்றிப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். ஈங்கூர்ப் பக்கம் சிப்காட், சானடோரியத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, தோப்புப்பாளையத்தில் 1984-இல் தொடங்கிய கொங்கு பொறியியல் கல்லூரி. சேலத்தையும் கோவையையும் இணைக்கும் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே ஓடுகிறது. கிழக்கே ஈரோட்டு ஜவுளி, மேற்கே திருப்பூர்ப் பனியன். சோளம் விதைத்த காட்டில் கல் நட்டு, கொடி கட்டி, முகப்பில் ஆர்ச் வைத்தால் அது 'நகர்' ஆகிவிடுகிறது. ஒவ்வொரு ஆர்ச்சுக்கும் பின்னால் வாழ்நாள் சேமிப்பைப் போட்ட குடும்பங்கள் இருக்கின்றன. அந்தக் குடும்பங்களை அங்கே கூட்டி வந்தவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்தக் கூட்டி வந்தவர்களைப் பற்றியது.

துண்டுக்கு அடியில் தொடங்கிய தொழில்

தரகு கொங்கு மண்ணுக்குப் புதிதல்ல. ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தை, அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தை, காங்கயம் காளைகள் நிற்கும் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் சந்தை ஆகிய இடங்களிலெல்லாம் தரகர் இல்லாமல் மாடு கைமாறியதில்லை. துண்டைப் போர்த்தி அதனடியில் விரல்களைப் பிடித்து விலை சொல்வார்கள். பல்லைப் பார்த்து வயதும், சுழியைப் பார்த்து ராசியும் சொல்லத் தெரிந்தவர்தான் தரகர்.

அந்தத் தரகரை நேர்மையாக வைத்திருந்தது சட்டமல்ல, சந்தைதான். நொண்டி மாட்டைத் தலையில் கட்டினால் அடுத்த வாரம் அதே சந்தைக்கு அவர் வந்தாக வேண்டும். வாங்கியவரும் அங்கே நிற்பார். சொல் தவறியவரை ஊர் ஒதுக்கிவிடும்.

மனை வியாபாரத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. வாங்குகிறவர் பெங்களூரில் இருப்பார், துபாயில் இருப்பார். விற்கிற புரமோட்டர் வேறு மாவட்டத்துக்காரர். மனை வாங்குவது பெரும்பாலான குடும்பங்களுக்கு வாழ்நாளில் ஒரு முறைதான். தரகரும் வாங்கியவரும் மறுபடி முகம் பார்க்க வேண்டிய தேவையே வராது. ஊர் செய்துவந்த காவலை வேறொருவர் செய்ய வேண்டிய காலம் வந்தது. அதற்காகத்தான் பதிவு முறை வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு) சட்டம் 2016 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதன் முக்கியப் பிரிவுகள் 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாட்டுக்கான விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. சென்னையில் அமைந்த ஒழுங்குமுறைக் குழுமம் தமிழ்நாட்டோடு அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. ஊர் வாயில் அதன் பெயர் 'ரேரா'.

புரமோட்டர்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்றே பலரும் இதை அறிந்திருக்கிறார்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவையும், எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட அடுக்ககத்தையும் பதிவு செய்யாமல் விற்கக் கூடாது. நம் கணக்கில் 500 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய பன்னிரண்டே கால் சென்ட். வாங்குபவர்களிடம் வசூலித்த பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது.

அதே சட்டத்தின் 9, 10-ஆம் பிரிவுகள் தரகர்களுக்கானவை. 'தரகர் என்றோ புரோக்கர் என்றோ டீலர் என்றோ எந்தப் பெயரில் அழைத்தாலும் சரி. கமிஷன் வாங்கிக்கொண்டு, பதிவான திட்டத்தில் மனையையோ வீட்டையோ விற்க, வாங்க உதவுகிறவர் ஏஜென்ட். அவர் பதிவு செய்திருக்க வேண்டும்' என்பது அவற்றின் சாரம். அதுவரை இந்தியாவில் நிலத் தரகுத் தொழிலுக்கென்று நாடு தழுவிய உரிமம் இருந்ததில்லை. பஸ் கண்டக்டருக்கும் லைசென்ஸ் கேட்ட நாடு, இருபது லட்ச ரூபாய் மனையை விற்றுக்கொடுக்கிறவரிடம் ஒன்றும் கேட்காமல் இருந்தது.

பதிவு செய்வது எப்படி?

பெருந்துறையில் இந்தத் தொழிலில் இருப்பவருக்கோ வர நினைப்பவருக்கோ, வழி நினைப்பதைவிட எளிது. விண்ணப்பம் இணையவழி. பான் அட்டை, ஆதார், புகைப்படம், தொழில் நடத்தும் முகவரிக்குச் சான்று, முந்தைய மூன்று ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கு ஆகியவை வேண்டும். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர் அதை உறுதிமொழியாகத் தரலாம். நிறுவனமாக இருந்தால் அதன் பதிவு ஆவணங்களும் வேண்டும். சட்டம் படிப்புத் தகுதி எதையும் வைக்கவில்லை. தமிழ்நாட்டு விதிகள் தேர்வும் கேட்கவில்லை.

விதிகள் வைத்த கட்டணம் தனிநபருக்கு 25,000 ரூபாய், நிறுவனங்களுக்கு 50,000 ரூபாய். பதிவு ஐந்து ஆண்டு செல்லும், மாநிலம் முழுவதற்கும் அது ஒன்றே போதும். 25,000 என்றதும் மலைக்கத் தோன்றும். ஐந்து ஆண்டுக்கு வகுத்தால் ஆண்டுக்கு 5,000, மாதத்துக்கு 417 ரூபாய்க்குள் அடங்கும். இருபது லட்ச ரூபாய் மனையில் இரண்டு சதவீதக் கமிஷன் 40,000 ரூபாய். ஒரே ஒரு கிரயத்தில் ஐந்தாண்டுக் கட்டணமும் கைக்கு வந்துவிடும்.

பதிவு செய்யாமல் விற்றால்? 62-ஆம் பிரிவின்படி தவறு தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் அபராதம். விற்றுக்கொடுத்த மனையின் விலையில் 5 சதவீதம் வரை அது ஏறும். அதே இருபது லட்ச மனைக்கு உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். பத்தே நாளில் அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

எண் வாங்கினால் வேலை முடியாது

பதிவு எண் கிடைத்ததும் தரகர் மீது நான்கு கடமைகள் ஏறுகின்றன. ஒன்று, பதிவாகாத திட்டத்தில் மனை விற்கக் கூடாது. இரண்டு, கணக்கும் ஆவணங்களும் வைத்திருக்க வேண்டும். மூன்று, பொய் சொல்லி விற்கக் கூடாது. நான்கு, வாங்குபவருக்குச் சேர வேண்டிய தகவல்களும் ஆவணங்களும் அவர் கைக்குச் சேர உதவ வேண்டும். தான் முடித்துக்கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் தன் எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்பதும் சட்டம்.

மூன்றாவது கடமைதான் இந்தத் தொழிலின் அடிமடி. 'ரெண்டு வருசத்துல இந்தப் பக்கம் பைபாஸ் வருதுங்க', 'பக்கத்துலயே பெரிய காலேஜ் வரப்போகுதுங்க', 'பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குதுங்க, அது போதும்' என்ற பேச்சுகளைக் கேட்காதவர் கொங்கு நாட்டில் இல்லை. இவற்றில் கடைசிப் பேச்சு மிகுந்த சேதம் செய்தது. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருவது நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டிடிசிபி. ஊராட்சித் தலைவரின் முத்திரையை மட்டும் நம்பி மனை வாங்கியவர்கள் தமிழகம் முழுக்க இருந்தார்கள். 2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது அவர்கள் வயிற்றில் நெருப்புப் பற்றியது. பிறகு அரசு 2017 மே மாதம் வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் விற்ற மனைகளை அவற்றின்படி கட்டணம் செலுத்தி முறைப்படுத்த வழி பிறந்தது. விவரம் தெரிந்த, பொய் சொல்லாத தரகர் ஒருவர் அன்றைக்கு நடுவில் நின்றிருந்தால் அந்தக் குடும்பங்களில் பல அந்த மனைகளை வாங்கியே இருக்காது.

பணத்திலும் சட்டம் இறுகியிருக்கிறது. நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடுக்கிறது. ஆண்டுக்கு 20 லட்ச ரூபாய்க்கு மேல் தொழில் செய்யும் ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டுகள் 2020 டிசம்பர் முதல் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கண்காணிப்பிலும் வருகிறார்கள். வாடிக்கையாளர் யார் என்று உறுதி செய்து ஆவணம் வைத்திருப்பது அவர்கள் பொறுப்பு. 'பாதி வெள்ளை, பாதி கருப்பு' என்று பேசி முடித்துக்கொடுக்கும் தரகர் வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்தே சிக்க வைக்கிறார்.

வேலி இல்லாத பக்கம்

இத்தனைக்கும் பிறகு ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இந்தப் பதிவு, ரேராவில் பதிவான திட்டங்களில் விற்பவருக்குத்தான் கட்டாயம். ஒருவர் தன் பழைய வீட்டை விற்கிறார். பத்தாண்டுக்கு முன் வாங்கிய சைட்டைக் கைமாற்றுகிறார். அப்பாரு காலத்துத் தோட்டத்தைக் கிரயம் செய்கிறார். இவற்றில் நடுவில் நிற்கும் தரகரிடம் சட்டம் எந்த எண்ணும் கேட்பதில்லை. பெருந்துறை, சென்னிமலை, காஞ்சிக்கோயில், திங்களூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு மிகப் பெரிய சொத்து இந்தத் தோட்டமும் காடும்தான்.

அறிவும் அதிகம் தேவைப்படுவது அங்கேதான். டிடிசிபி மனையில் அளவு, சாலை, பூங்கா எல்லாம் வரைபடத்தில் இருக்கும். தோட்டம் அப்படியல்ல. கீழ்பவானி வாய்க்கால் 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்து, ஒரு பாதிக்கு நெல்லுக்கும் மறு பாதிக்குப் புஞ்சைப் பயிருக்கும் தண்ணீர் விடுவார்கள். விற்கும் பூமி எந்த மதகில் பாய்கிறது, எந்தப் போகத்துக்குத் தண்ணீர் உண்டு என்று தெரியாத தரகர் ஆயக்கட்டு நிலத்தை விலை பேசக் கூடாது. கிணற்றில் எத்தனை பங்கு, மோட்டார் சர்வீஸ் யார் பெயரில், வண்டித்தடம் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா அல்லது வாய்ப்பேச்சா, உயர் அழுத்த மின்கம்பி மேலே போகிறதா, கோயில் மானியமா, பஞ்சமி நிலமா, பூதான நிலமா என்பவையெல்லாம் பட்டாவைப் பார்த்த மாத்திரத்தில் தெரியாதவை. தடம் பற்றி ஒரு வரி விட்டுப்போனதால் அடுத்தடுத்த காட்டுக்காரர்கள் தலைமுறைக்கும் பகையாகிப் போகும் கதை இங்கே எந்த ஊரில் இல்லை?

பெண்களின் பங்கு இதைவிட முக்கியம். கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்ணுக்கும் சம உரிமை என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டத் திருத்தம் செய்தது. அப்போது திருமணமாகாத பெண்களுக்கே அது பொருந்தியது. 2005-இல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் அதை விரித்தது. பெண் பிறந்த கணத்திலேயே பங்காளி ஆகிறாள், 2005-இல் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. ஆனாலும் 'பொண்ணுங்களுக்குச் சீர் செஞ்சாச்சுங்க, அவங்க கையெழுத்து வேண்டாம்' என்று சொல்லி கிரயத்தை அவசரப்படுத்துகிறவர்கள் உண்டு. அப்படி வாங்கியவர் பின்னால் பாகப்பிரிவினை வழக்கில் கோர்ட்டுப் படி ஏறுவார். தரகருக்குக் கமிஷன் எப்போதோ கைக்கு வந்திருக்கும்.

பெருந்துறை படித்த பாடம்

நம்பிக்கையை வைத்து நடக்கும் மோசடி எவ்வளவு பெரியதாகலாம் என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெருந்துறையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த ஈமு கோழிப் பண்ணைத் திட்டம் 2012 ஆகஸ்டில் சரிந்தது. சினிமா நட்சத்திரங்கள் நடித்த விளம்பரங்கள், மாதாமாதம் பராமரிப்புத் தொகை, ஆண்டு போனஸ் என்ற வாக்குறுதிகளை நம்பிப் பல மாவட்ட மக்கள் பணம் போட்டிருந்தார்கள். முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கோவைச் சிறப்பு நீதிமன்றத்தில் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. சிறைத்தண்டனைகளும் வந்தன.

தெரிந்தவர் சொன்னார் என்பதற்காகப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு கேட்க ஆள் இல்லாமல் நிற்கும் நிலைமை மனை வியாபாரத்திலும் வரக் கூடாது. அதற்குத் தரகரின் பெயரும் முகவரியும் அரசுப் பதிவேட்டில் முன்கூட்டியே ஏறியிருக்க வேண்டும். ரேரா சட்டத்தின் 31-ஆம் பிரிவு, புரமோட்டர் மீது மட்டுமல்ல, ஏஜென்ட் மீதும் புகார் கொடுக்க வழி தருகிறது. அந்தக் கதவைத் தட்டும்போது எதிர்த்தரப்பு இன்னார்தான் என்று காட்ட அந்தப் பதிவு துணை நிற்கும்.

மற்றவர்கள் எங்கே போய்விட்டார்கள்?

மகாராஷ்டிரம் இதில் ஓரடி முன்னால் போயிற்று. அந்த மாநிலத்தின் ஒழுங்குமுறை ஆணையம் 2023 ஜனவரியில் ஏஜென்ட்டுகளுக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு மே மாதம் முதல் தேர்வு நடந்தது. தேர்ச்சிச் சான்று இல்லாமல் அங்கே புதிதாகப் பதியவும் முடியாது, பழைய பதிவைப் புதுப்பிக்கவும் முடியாது.

நம்மவர்கள் பலர் வாழும் சிங்கப்பூரில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். 2010-இல் எஸ்டேட் ஏஜென்ட்டுகள் சட்டம் வந்தது, அதே ஆண்டு தனிக் கவுன்சிலும் அமைந்தது. பாடம் படித்து, தேர்வு எழுதி, உரிமம் பெற்ற ஏதேனும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து பதிந்தால்தான் அங்கே ஒருவர் வீடு விற்றுக்கொடுக்கலாம். ஒரே விற்பனையில் இரு தரப்புக்கும் ஏஜென்ட்டாக இருக்க முடியாது. வீட்டு விற்பனைப் பணத்தைத் தன் கையில் வாங்கி வைக்கவும் கூடாது. எந்த ஏஜென்ட்டின் பதிவையும் பொதுமக்கள் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவதை வழக்கமாக்கிக்கொண்ட நம் ஊருக்கு இது யோசிக்க வேண்டிய செய்தி. விற்கிறவருக்கு விலை ஏற வேண்டும், வாங்குகிறவருக்கு இறங்க வேண்டும். ஒருவரே இருவருக்கும் உண்மையாக இருப்பது எப்படி? குறைந்தபட்சம், இரு பக்கமும் எவ்வளவு வாங்குகிறேன் என்பதை இரு பக்கமும் அறியச் சொல்லிவிட வேண்டாமா?

வாங்கும் முன் கேளுங்கள்

● 'உங்க ரேரா நம்பர் என்னங்க?' இதைத் தரகரிடம் கேளுங்கள். தமிழ்நாடு ரேரா இணையதளத்தில் அந்த எண்ணைச் சரிபாருங்கள்.

● திட்டத்தின் பதிவு எண் தனி. விளம்பர நோட்டீஸில் அது இருந்தாக வேண்டும். தரகர் எண்ணைத் திட்ட எண்ணாகக் காட்டினால் ஏமாறாதீர்கள்.

● டிடிசிபி ஒப்புதல் எண், வரைபடம் இரண்டையும் கேளுங்கள். சாலையும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டதா என்று பாருங்கள்.

● வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பாருங்கள். மூலப் பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஜெராக்ஸை மட்டும் நம்ப வேண்டாம்.

● வாரிசுச் சான்றில் உள்ள எல்லாப் பெயர்களும், மகள்களின் பெயர்கள் உட்பட, கிரயத்தில் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

● கமிஷன் எவ்வளவு, யார் தருவது, எப்போது தருவது என்பதை எழுத்தில் வாங்குங்கள். சட்டம் கமிஷனுக்கு விகிதம் வைக்கவில்லை. நீங்கள் பேசி எழுதியதுதான் கணக்கு.

அரசு செய்ய வேண்டியது

வேளாண் நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தோட்டம், பழைய வீடு, மறுவிற்பனை மனை ஆகியவற்றுக்குத் தரகு செய்பவர்களையும் பதிவுக்குள் கொண்டுவரத் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்ற வேண்டும். கிராமத்தில் ஆண்டுக்கு இரண்டு மூன்று கிரயம் முடிக்கும் சிறு தரகருக்குக் கட்டணத்தைக் குறைக்கலாம். பதிவுக்கு ஆகும் செலவே ஒருவரை மறைந்து தொழில் செய்யத் தள்ளக் கூடாது.

பயிற்சி தமிழில் வேண்டும், மாவட்டந்தோறும் வேண்டும். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, வில்லங்கம், புல வரைபடம், வாரிசுரிமை, பாசன முறை, 7 சதவீத முத்திரைத்தீர்வைக்கும் 2 சதவீதப் பதிவுக் கட்டணத்துக்கும் கணக்கு ஆகிய இவ்வளவும் சொல்லித்தர நீண்ட படிப்பு தேவையில்லை. வருவாய்த் துறையிலும் பதிவுத்துறையிலும் ஓய்வு பெற்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பெருந்துறையில் கல்லூரி வகுப்பறைகள் சனி, ஞாயிறு காலியாகவே கிடக்கின்றன. கிரயப் பத்திரத்தில் தரகரின் பெயருக்கும் எண்ணுக்கும் ஒரு கட்டம் சேர்ப்பது பதிவுத்துறைக்குப் பெரிய காரியமல்ல. தரகர் இல்லாத விற்பனையானால் 'இல்லை' என்று எழுதினால் போதும்.

இந்தத் தொழிலில் நேர்மையாகப் பிழைக்கிறவர்கள் ஏராளம். வெயிலில் எல்லைக்கல் தேடி அலைந்து, சர்வேயரைக் கூட்டி வந்து, பங்காளிகளைச் சமாதானம் செய்து, விற்கிறவரின் மகள் கல்யாணத்துக்குப் பணம் சேரும்படி தேதி பார்த்து முடித்துக்கொடுக்கும் தரகர்களை நாம் அறிவோம். போலிகளோடு அவர்களையும் சேர்த்து 'புரோக்கர்' என்று ஒரே சொல்லில் ஊர் தள்ளிவிடுகிறது. பதிவு எண்ணால் முதலில் பிழைப்பது அவர்களின் மரியாதைதான்.

ஆகவே, இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பெருந்துறை இளைஞர்களுக்கு ஒன்று சொல்வோம். முதல் கமிஷனை வாங்கும் முன் பதிவு எண்ணை வாங்குங்கள். அலுவலகப் பலகையில், விசிட்டிங் கார்டில், வாட்ஸ்அப் விளம்பரத்தில் அதைப் பெரிதாகப் போடுங்கள். எண் இல்லாதவரிடம் போகாதீர்கள் என்று வாடிக்கையாளருக்கு நீங்களே சொல்லுங்கள். உங்கள் தொழிலைக் காக்க உங்களைவிட உரிமையுள்ளவர் வேறு யாரும் இல்லை.